ஏழு நாள், எட்டு ஊர்: வேலூரிலிருந்து இலங்கைக்கு

2025 மார்ச் 9

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, மே மாதம் பையனுக்கு லீவு. நான், மனைவி, எட்டு வயசுப் பையன், அப்பா 67, அம்மா 63. ஏழு நாள் இலங்கை. கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, சீகிரியா, அநுராதபுரம், திருகோணமலை, யாழ்ப்பாணம். சின்ன நாடுதானே, ஒரு வேன் எடுத்தால் சுற்றிவிடலாம் இல்லையா?"

முடியாது தம்பி. நானும் இதே கணக்கைப் போட்டவன்தான். 2023 மே மாதம் மனைவி, அம்மா, மகளோடு ஏழு நாளில் ஏழு ஊர் போனோம். வீட்டுக்கு வந்து படங்களை வரிசைப்படுத்தியபோது பாதிப் படம் வேன் ஜன்னல் வழியாக எடுத்ததாக இருந்தது. அம்மாவுக்கு அப்போது 69. காலையில் ஆறரைக்குப் பெட்டி கட்டு, ராத்திரி எட்டரைக்குப் பெட்டி பிரி. நான்காம் நாள் தம்புள்ளையில் குகைக் கோயில் படிக்கட்டின் கீழே உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். கோயிலைப் பார்த்ததும் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றுபவர் அவர். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இலங்கை சின்ன நாடு என்பது வரைபடத்தில் பார்க்கும்போது. பரப்பில் தமிழ்நாட்டில் பாதி. "ஏழு நாளில் காட்பாடி, கொடைக்கானல், இராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஊட்டி, தஞ்சாவூர்" என்று யாராவது சொன்னால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

ஊரை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள். ஏழு நாள் என்றால் ஆறு இரவு. அதில் இரண்டு ஊரிலாவது இரண்டிரண்டு இரவு தங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நான்கு ஊர்தான் வரும், மிஞ்சினால் ஐந்து. நுவரெலியா, எல்ல, அநுராதபுரம் மூன்றையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

இந்தப் பிப்ரவரியில் இரண்டாவது தடவை போய்வந்தோம். மகள் கல்லூரியில் இருந்ததால் நாங்கள் மூன்று பேர் மட்டும். எட்டு இரவு: கொழும்பு 1, கண்டி 3, தம்புள்ளை 1, திருகோணமலை 1, யாழ்ப்பாணம் 2. கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் சென்னைக்கு விமானம் ஏறினோம். நீங்களும் அப்படியே போங்கள்.

2025 மார்ச் 10

தூரம் கேட்டிருந்தீர்கள். கொழும்பு–கண்டி 115 கிலோமீட்டர். கிட்டத்தட்ட காட்பாடி–சென்னை தூரம். நாம் ரயிலில் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவோம். அங்கே சாலையில் மூன்று, மூன்றரை மணி நேரம். கண்டி–நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை, அதற்கும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், முழுக்க மலை வளைவு. யாழ்ப்பாணம்–திருகோணமலை ஐந்து மணி நேரம். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று போட்டால் கணக்கு ஏமாற்றாது. கட்டுநாயக்க விமான நிலையமே கொழும்புக்குள் இல்லை, 30 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது.

2025 மார்ச் 12

எல்லயை அடிக்கச் சொன்னதும் தம்பிக்கு மனசு வரவில்லை. "அந்த ரயில், அந்த ஒன்பது வளைவுப் பாலம், பையன் படம் காட்டிக் காட்டிக் கேட்கிறான் அண்ணா" என்று எழுதியிருக்கிறார்.

பையன் கேட்பது நியாயம். 1921-இல் கட்டி முடித்த பாலம். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே அதன்மேல் நீல நிற ரயில் ஊர்ந்து போவதைப் பார்த்தால் எனக்கும் கை கேமராவைத் தேடும். ஆனால் கண்டியிலிருந்து எல்லக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம். போவதற்கு ஒரு நாள், திரும்புவதற்கு ஒரு நாள். பாலத்துக்காக இரண்டு நாள் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-இல் கண்டியிலிருந்து நானுஓயா வரைக்கும், அதுதான் நுவரெலியாவுக்கு இறங்குகிற ஸ்டேஷன், இருக்கை பதிவு செய்து தருவதாக ஒரு ஏஜென்ட் பணம் வாங்கினார். காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் கையில் இருந்தது முன்பதிவு இல்லாத டிக்கெட். பெட்டியில் கால் வைக்க இடமில்லை. அம்மா கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் போயிருக்கும். தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவை உட்காரவைத்தார்கள். "எந்த ஊரு அம்மா?" என்று அந்தப் பெண் கேட்டார். வேலூர் என்றதும், "எங்க தாத்தா சேலம் பக்கம்னு சொல்லுவாரு, ஊர் பேரு தெரியல" என்றார். இறங்கும்வரை அம்மா அவர்களோடு பேசிக்கொண்டே வந்தார். மலையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பயணத்தில் அவருக்கு நினைவிருப்பது அந்த மூன்று மணி நேரம்தான்.

இருக்கைப் பதிவு சுமார் ஒரு மாதத்துக்கு முன்பு திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயில்வே தளத்திலோ ஸ்டேஷனிலோ நீங்களே எடுங்கள். யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பையனுக்கு ரயில்தான் வேண்டும் என்றால் கொழும்பு–கண்டி ரயில் இருக்கிறது. இரண்டரை, மூன்று மணி நேரம். கடுகண்ணாவைக்குப் பக்கம் மலை ஏறும்போது பள்ளத்தாக்கு விரிவது எல்லக்குக் குறைந்ததில்லை. வலதுபக்க ஜன்னல் பிடியுங்கள்.

2025 மார்ச் 16

மே மாதம் வேண்டாம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், தவறிவிட்டது.

அங்கே இரண்டு மழைக்காலம். தென்மேற்கு மழை மே பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் கொழும்பு, கண்டி, மலைப்பக்கம் எல்லாம் நனைக்கும். அப்போது திருகோணமலையும் யாழ்ப்பாணமும் காய்ந்து கிடக்கும். வடகிழக்கு மழை, நமக்குக் கொட்டுகிற அதே மழை, அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் வடக்கிலும் கிழக்கிலும். ஆக, முழுத் தீவும் ஒரே நேரத்தில் வெயிலாக இருக்கும் மாதம் குறைவு. பிப்ரவரி, மார்ச் நல்லது. எங்கள் எட்டு நாளில் கண்டியில் ஒரு சாயங்காலம் தூறியதோடு சரி.

ஏப்ரலும் வேண்டாம். 13, 14 தேதிகளில் சிங்களவருக்கும் தமிழருக்கும் புத்தாண்டு. அதை ஒட்டிக் கடைகள் மூடியிருக்கும், ரயிலும் பஸ்ஸும் ஊருக்குப் போகிறவர்களால் நிரம்பி வழியும். நுவரெலியாவில் ஏப்ரல் முழுவதும் சீசன், அறை விலை ஏறிவிடும்.

பையனின் பள்ளி லீவுதான் கட்டாயம் என்றால் காலாண்டுத் தேர்வு முடிந்து வரும் லீவைப் பாருங்கள். செப்டம்பர் கடைசி. கண்டியில் மதியத்துக்குமேல் மழை வரலாம், கிழக்குக் கடற்கரை அப்போதும் நன்றாக இருக்கும்.

2025 மார்ச் 23

நேற்று ஞாயிறுக்கு வேண்டிய காய் வாங்கப் போனவன் வழியில் முத்து மண்டபத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கிறது அது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் கல்லறை. நாயக்கர் வம்சம். அரசராவதற்கு முன்பு பெயர் கண்ணுசாமி. 1798-இல் பட்டத்துக்கு வந்தார். 1815 பிப்ரவரி 18-இல் பிரிட்டிஷ்காரர்கள் கையில் பிடிபட்டார், மார்ச் 2-இல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. கொழும்பில் வைத்திருந்து, 1816 ஜனவரி 24-இல் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30-இல் இங்கேயே இறந்தார். கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒன்று இருப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம், ஏன் அந்தப் பெயர் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

எங்கள் வீட்டிலிருந்து மண்டபம் நடக்கிற தூரம். பல வருஷம் அதைக் கடந்து வேலைக்குப் போயிருக்கிறேன். 2023 பயணத்தில் கண்டிக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சாயங்காலம். ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அந்த ஏரியை 1807-இல் வெட்டுவித்தவர் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் புதைந்து கிடப்பவர் என்று படித்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டாவது தடவை போனதற்கு அதுதான் காரணம்.

தம்பி, உங்கள் பட்டியலில் எட்டு ஊர் இருந்தது. எதற்காகப் போகிறீர்கள் என்பது இல்லை. எனக்குக் கிடைத்த காரணம் இந்த அரசர். ஏரியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். அரண்மனை முகப்பில் அவர் கட்டிய எண்கோண மண்டபத்துக்குக் கீழே நின்றேன். அவருடைய கிரீடமும் சிம்மாசனமும் கண்டி மியூசியத்தில் இருக்கின்றன, அவற்றைத் தவறவிடாதீர்கள். தான் வெட்டிய ஏரியை விட்டு வந்தவர், பதினாறு வருஷம் நம் கோட்டை அகழிக்கு நடுவில் இருந்திருக்கிறார்.

உங்களுக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தால் எந்த ஊரை விடலாம் என்பது தானாகத் தெரியும்.

2025 மார்ச் 24

திருத்தம். கிரீடமும் சிம்மாசனமும் கண்டியில் இல்லை, கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ்காரர்கள் இங்கிலாந்துக்கு எடுத்துப்போனவை, 1934-இல் திரும்பி வந்தன. நான் பார்த்ததும் கொழும்பில்தான், எழுதுகிற வேகத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். மனைவி படித்துவிட்டுக் காட்டினார்.

2025 ஏப்ரல் 6

தம்பியின் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்து நல்லூர் முருகனைப் பார்க்க வேண்டும், அப்பாவுக்குத் திருகோணமலை கோணேஸ்வரம். அப்பா தேவாரம் படிப்பவராம். சம்பந்தர் பாடிய தலம், கடலுக்குமேல் செங்குத்தான பாறை. காரணம் கிடைத்துவிட்டது, மிகவும் சந்தோஷம்.

அதனால் முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். கொழும்பில் இறங்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இறங்குங்கள், கொழும்பில் ஏறுங்கள்.

ஒரு காரணம் பெரியவர்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு, அதுதான் யாழ்ப்பாண விமான நிலையம், ஒன்றேகால் மணி நேரம்தான். இறங்கியதும் காதில் விழுவது தமிழ். முதல் முறை வெளிநாடு போகிற 63 வயது அம்மாவுக்கு அது எவ்வளவு தைரியம் என்று நினைத்துப் பாருங்கள். கொழும்பில் இறங்கிய முதல் நாள் என் அம்மா என் சட்டைக் கையை விடவில்லை. கடைசி நாள் யாழ்ப்பாணத்தில் தனியாகப் பூ வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தைரியம் முதல் நாளே வந்திருக்கலாம்.

இன்னொரு காரணம், திரும்புகிற நாளில் ஏதாவது தடங்கல் வந்தால் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானங்கள் அதிகம்.

மூன்றாவது, இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. யாழ்ப்பாணம், திருகோணமலை, தம்புள்ளை, கண்டி, கொழும்பு, சென்னை, வேலூர். கடைசி நான்கும் அரசரைக் கொண்டுவந்த வழி அப்படியே! நாங்கள் அதைத் தலைகீழாகப் போயிருக்கிறோம். மறுபடி போனால் உங்கள் வழியில்தான் போவேன்.

ரயிலுக்கும் திருத்தம் உண்டு. கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்குகிறீர்கள் என்றால் இடதுபக்க ஜன்னல்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது, 2023 அக்டோபரில் தொடங்கினார்கள். சுமார் நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். வேலூரிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேருவதே ஒரு ராத்திரி என்பதால் உங்களுக்குச் சரிவராது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆட்கள் யோசிக்கலாம்.

2025 ஏப்ரல் 7

பாஸ்போர்ட் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். பையனுக்கும் தனிப் பாஸ்போர்ட். விசாவுக்கு இணைய வழியில் ஈடிஏ என்கிற பயண அனுமதி வாங்க வேண்டும். கட்டண விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் நான் தொகை சொல்லப் போவதில்லை. அரசாங்கத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்குகிற தளங்கள் நிறைய.

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் அளவில் கிடைத்தது. யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே செல்லும், ஆனால் பெரிய கடைகளில்தான் எங்களுக்கு உதவியது. ஆட்டோவுக்கும் இளநீருக்கும் கையில் காசு வேண்டும். மணி மாற்ற வேண்டாம், நம் நேரம்தான் அங்கேயும்.

2025 ஏப்ரல் 27

சீகிரியா ஏறலாமா என்று கேள்வி. பாறை கிட்டத்தட்ட 200 மீட்டர், சுமார் 1,200 படி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் உச்சியில் அரண்மனை கட்டியிருக்கிறான். பாதி வழியில் ஓவியங்கள், அதற்குமேல் சிங்கத்தின் கால் நகங்களுக்கு நடுவே படி. நானும் மனைவியும் காலை ஏழு மணிக்கெல்லாம் ஏறத் தொடங்கினோம். ஒன்பதுக்குமேல் வெயில் தாங்காது. வேலூர்க்காரர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள் என்று நினைத்தேன், இரும்புப் படியில் நிழலே இல்லாமல் நிற்கும் வெயில் வேறு. உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். பாஸ்போர்ட்டை எடுத்துப்போங்கள், இந்தியா உட்பட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

அம்மாவை இந்தத் தடவை தம்புள்ளை குகைக் கோயிலுக்குக் காலை நேரத்தில், உட்கார்ந்து உட்கார்ந்து, கூட்டிப்போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு கீழே உட்கார்ந்தவர், இந்தத் தடவை ஐந்து குகையையும் பார்த்தார். முந்தின நாள் பயணம் இல்லை, ராத்திரி நல்ல தூக்கம். வேறு ஒன்றும் மாறவில்லை.

தம்புள்ளையிலிருந்து எனக்கு அரை நாள் கிடைத்திருந்தால் பொலன்னறுவை போயிருப்பேன். அங்கே சோழர்கள் கட்டிய சிவன் கோயில் இருக்கிறது. வானவன்மாதேவீச்சரம். இராஜேந்திரனின் தாயார் பெயர். நம் காட்பாடிக்கு அப்பால் மேல்பாடியில் இராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், இருக்கிறது இல்லையா? பாட்டனுக்கு இங்கே ஒன்று, கொள்ளுப்பேரனின் தாயாருக்குக் கடல் தாண்டி ஒன்று. இரண்டுமே சின்னக் கோயில்கள், முழுக்கக் கல். பார்க்க முடியாமல் போனது இன்னும் மனதில் நிற்கிறது.

2025 மே 18

கண்டியைப் பற்றி மார்ச்சில் எழுதியதில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். அது சரியில்லை என்று அம்மாவே சொன்னார்.

ஏரிக்கரையில் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி நல்ல தமிழ் பேசினார், மாத்தளைக்காரர். நான் அரசரைப் பற்றி உருகிப் பேசியதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்று, "ஐயா, இங்க எல்லாருக்கும் அவர் மேல மரியாதை இல்லை" என்றார். 1814-இல் எஹெலபொல என்ற மந்திரி அரசருக்கு எதிராகத் திரும்பினார். அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அரசர் கொல்லச் சொன்னார். மூத்த பையன் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டபோது, இளையவன் மத்தும பண்டார, "நான் காட்டுகிறேன், எப்படிச் சாவது என்று" என முன்னால் வந்தான் என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாயைப் பக்கத்திலிருந்த போகம்பர ஏரியில் மூழ்கடித்தார்கள் என்றும் சொல்கிறார்கள். என் அம்மா அதற்குப் பிறகு ஏரிப் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் ஆறரைப் பூஜைக்குப் புத்தரின் பல் இருக்கிற கோயிலான தலதா மாளிகை போனோம். வெளியே தாமரையும் அல்லியும் விற்கிற வயதான அம்மா ஒருவர். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். என் அம்மா அவரிடம், "உங்க கடைசி ராஜா எங்க ஊர்லதான் அடக்கமாயிருக்கார், தெரியுமா?" என்றார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெல்லூர்?" என்று கேட்டார். எங்களுக்குச் சிலிர்த்துவிட்டது. பூவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா விடவில்லை, கையில் திணித்துவிட்டு வந்தார்.

ஊருக்கு வந்த வெள்ளிக்கிழமை அம்மா முத்து மண்டபத்தில் அகல் ஏற்றப் போனார். கூடவே போனேன். இரண்டு அகல் வைத்திருந்தார். எதற்கு இரண்டு என்றேன். "அந்தப் பிள்ளைங்களுக்கும் ஒண்ணு" என்றார்.

மாளிகை வளாகத்தைச் சுற்றியே நான்கு தேவாலயங்கள் இருக்கின்றன, விட்டுவிடாதீர்கள். அவற்றில் கதிர்காமத் தேவாலயம் நம் முருகனுக்கு. பத்தினித் தேவாலயம் கண்ணகிக்கு. சிங்களப் பெண்கள் கண்ணகியிடம் குழந்தைக்கு அம்மை இறங்க வேண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு அது வெளிநாடாகவே தெரியாது.

2025 ஜூன் 15

சாப்பாடு. சைவம் என்றால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் "சைவக் கடை" என்று கேளுங்கள். இடியாப்பமும் சொதியும் பெரியவர்களுக்கு வயிற்றுக்கு இதம். மற்ற ஊர்களில் ஒரு எச்சரிக்கை: தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. "மாசி போட்டதா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. அங்கே கத்தரிக்காயை இனிப்பும் புளிப்புமாகப் பொரித்துச் செய்கிற மோஜு என் மனைவிக்குப் பிடித்துப்போய், நம் முள்ளுக் கத்தரிக்காயில் மூன்று தடவை செய்துவிட்டார். நம் கத்தரிக்காய்தான் அதற்குப் பொருத்தம்.

பேச்சும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் "கதைப்பது" என்றால் பேசுவது. "வெளிக்கிடுவோம்" என்றால் கிளம்புவோம். ஆமாம் என்பதற்கு "ஓம்". அம்மா இப்போதும் வீட்டில் ஓம் என்றுதான் சொல்கிறார்.

2025 ஜூலை 13

தம்பிக்குப் புது யோசனை: ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழா, கண்டிப் பெரஹெரா இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாமே என்று. ஆசை நல்ல ஆசை. நல்லூரில் ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும், பெரஹெராவின் கடைசி இரவு ஊர்வலம் இந்த வருஷம் ஆகஸ்ட் 8 பௌர்ணமியில். தேதி ஒத்துவருகிறது. ஆனால் அந்த வாரம் கண்டியில் அறை வாடகை பல மடங்கு. ஊர்வலம் பார்க்கச் சாலையோரம் மத்தியானத்திலிருந்தே உட்கார வேண்டும். பையனுக்குப் பள்ளி வேறு. பெரியவர்களையும் குழந்தையையும் அந்த நெரிசலில் விட எனக்கு மனசில்லை. நீங்களும் மனைவியும் தனியாக இன்னொரு வருஷம் போங்கள்.

2025 செப்டம்பர் 14

முடிவான திட்டம் வந்துவிட்டது. செப்டம்பர் 27 கிளம்புகிறார்கள். ஒரு நாள் லீவு கூடக் கிடைத்ததில் ஏழு இரவு ஆகிவிட்டது. யாழ்ப்பாணம் 2, திருகோணமலை 1, தம்புள்ளை 1, கண்டி 2, கொழும்பு 1. எனக்கு ஒரே குறை, திருகோணமலைக்கு ஒரு இரவு போதாது. ஐந்து மணி நேர வண்டிக்குப் பிறகு சாயங்காலம் கோணேஸ்வரம், மறுநாள் காலை கன்னியா வெந்நீர்க் கிணறுகள், உடனே கிளம்ப வேண்டும். தம்புள்ளையை விட்டுவிட்டு அங்கே இரண்டாக்கலாம். ஆனால் பையனுக்குச் சீகிரியா வேண்டும் என்கிறார். சரி, அவனும் வருகிறவன்தானே.

கடைசியாகச் சில. யாழ்ப்பாணம் போவது சின்ன விமானம், பெட்டி எடை வரம்பை டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் நேராக விமான நிலையம், பெரியவர்களுக்கு அதுதான் அலைச்சல் குறைவு. நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அப்பாவுக்கு வேட்டி துண்டு. தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைகிற உடை, வெள்ளையாக இருந்தால் நல்லது. ஆம்புலன்ஸுக்கு 1990, கட்டணம் கிடையாது. அப்பாவின் பிரஷர் மாத்திரை பெட்டியில் பாதி, கைப்பையில் பாதி.

2025 அக்டோபர் 9

தம்பி குடும்பம் நல்லபடியாகத் திரும்பிவிட்டது. நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்னதில் என் குறிப்புகளுக்குத் தேவையான திருத்தங்கள்:

யாழ்ப்பாணப் பக்கத்து நயினாதீவுக்குப் போக நினைத்தால் குறிகட்டுவான் படகுத்துறையில் காலையிலேயே இருக்க வேண்டும். அவர்கள் பதினொரு மணிக்குப் போய்ப் படகுக்கு நெடுநேரம் நின்றிருக்கிறார்கள். பையன் வாந்தி எடுத்துவிட்டான். நான் அதைப் பற்றி எழுதாமல் விட்டது தப்பு.

கோணேஸ்வரத்தில் அப்பா "நிரைகழல் அரவம்" பதிகம் முழுவதையும் நின்றுகொண்டே பாடினாராம். அன்றைக்கு அங்கேயே இன்னொரு இரவு இருந்திருக்கலாம் என்று தம்பியே சொன்னார். ஆகவே இதைப் படிக்கிற அடுத்தவர்கள்: திருகோணமலைக்கு இரண்டு.

கண்டியில் இரண்டு நாளும் மூன்று மணிக்குமேல் மழை. காலையிலேயே எல்லாம் பார்த்துவிட்டதால் பாதகமில்லை. ரயிலில் இடதுபக்கம் கிடைத்ததாம், பையன் எல்லயைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். கொழும்பில் சிம்மாசனத்துக்கு முன்னால் தம்பியின் அம்மா ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "இதுல உக்காந்தவரா நம்ம கோட்டைல இருந்தாரு?" என்று கேட்டிருக்கிறார்.

வருகிற ஞாயிறு எல்லோரும் குடியாத்தத்திலிருந்து வருகிறார்கள். முதலில் முத்து மண்டபம், அப்புறம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மோஜுக்குக் கத்தரிக்காய் சொல்லிவைத்திருக்கிறேன்.